அண்டை உரிமையும் அடைத்த கதவும்

புதுச்சேரி உப்பளத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, என்னோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுத அன்பர் ஒருவர் என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். அவருக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் குடியிருக்கிறார், மற்றொன்றின் வாசலில் "வீடு வாடகைக்கு" என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஓர் இளைஞர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து அந்த வீட்டைக் கேட்டிருக்கிறார். அன்பர் முதலில் பெயரைக் கேட்டார். அது நம்மவர் பெயரன்று. பிறகு, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். தெருவின் பெயர் காதில் விழுந்ததும், வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்று கூறி அனுப்பிவிட்டார். ஆனால் அட்டையைக் கழற்ற மறந்துபோனார். மறுநாள் அவ்வழியே வந்த இளைஞர், அட்டை அங்கேயே தொங்குவதைக் கண்டு சற்று நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாராம்.

"ஹஜ்ரத், அந்தப் பையன் எங்கேயாவது புகார் எழுதிப் போட்டுவிட்டால் எனக்கு ஏதும் வருமா? வராமலிருக்க என்ன செய்யவேண்டும்?" இதுதான் அன்பரின் கேள்வி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு ஒன்றுமில்லை ஹஜ்ரத். அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்களே என்றுதான்..." என்றார்.

இந்தக் கடைசி வார்த்தை என்னை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோயிற்று. அப்போது நான் வேறோர் ஊரில் இளம் ஆசிரியன். ஒரு சிறு வீட்டுக்காகத் தெருத் தெருவாக அலைந்தேன். தொப்பியைக் கண்ட வீட்டுக்காரர்கள் யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. "எங்களுக்கு ஒன்றுமில்லை பாய், அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்கள்" என்று கனிவாகவே சொன்னார்கள். கொடுக்க மறுத்தவர்கள் பலர். மறுப்பின் வாசகம் ஒன்றே. அதே வாசகம் இன்று நம் ஸஃப்பிலிருந்து ஒலிக்கக் கேட்டேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், குடிவர விரும்புகிறவர் இருக்கிறார். இருவருக்கும் நடுவே முகம் காட்டாமல் நின்று கதவை அடைக்கும் இந்த "அக்கம்பக்கத்தார்" யார்? அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? இதை வரலாற்றில் தேடிப் பார்ப்பது பயனுடையது. அன்பரின் கேள்விக்கும் அங்கேதான் விடை இருக்கிறது.

தெருவே அடையாளமான ஊர்

நம் புதுச்சேரி, தெருவைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகும் என்ற முறையில் எழுந்த ஊர். 1693இல் டச்சுக்காரர் இவ்வூரைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தனர். நூல் பிடித்தாற்போன்ற நேர்வீதிகளுக்கு அவர்கள் வரைந்த திட்டமே அடிப்படை. மீண்டும் வந்த பிரெஞ்சுக்காரர் அத்திட்டத்தைத் தொடர்ந்தனர். ஊரின் நடுவே ஓடிய பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே நம்மவர். மேற்கிலும் தொழிலுக்கும் சாதிக்கும் மதத்துக்கும் ஏற்றபடி தனித்தனித் தெருக்கள். செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, காஜியார் வீதி, முல்லா வீதி ஆகிய பெயர்கள் அந்த ஏற்பாட்டை இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றன. தெற்கே உப்பு விளைந்த நிலம் உப்பளமாயிற்று.

தன் இனத்தாரோடு சேர்ந்து வாழ்வதில் குற்றமில்லை. பள்ளிவாசலின் பாங்கோசை கேட்கும் தூரத்தில் வீடு வேண்டும் என்று நாம் விரும்புவதைப் போலவே, கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் இருக்கப் பிறரும் விரும்புவர். விரும்பிச் சேர்வது வேறு. விலக்கி வைப்பது வேறு. இரண்டுக்கும் இடையேயுள்ள கோடு மிக மெல்லியது. அது எப்போது சுவராகிறது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஓரிடத்தில் காட்டுகிறது. அன்றைய சம்பா கோவிலுக்குள், உயர்சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்டோரான கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் காரைக்காலிலிருந்து வந்திருந்த பாதிரியார் ஒருவர் கொடுத்த ஊக்கத்தால், ஒதுக்கப்பட்டோர் மூத்த பாதிரியாரிடம் சென்று முறையிட்டனர். ஆண்டவன் முன்னிலையில் எல்லாரும் ஒன்றென்றால் இடையில் சுவர் எதற்கு என்பதே அம்முறையீட்டின் சாரம். பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். உயர்சாதியினர் அதற்காகக் கொதித்தெழுந்தனர் என்பதையும் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார்.

நம் ஊரில் "புகார்" என்பதற்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு. சுவர் நின்ற காலமெல்லாம் அமைதி நிலவியது போலத் தோன்றியது. ஒதுக்கப்பட்டவர் வாய் திறந்ததும், குழப்பம் செய்தவர் அவரே என்றாயிற்று. அட்டையின் முன் பேசாமல் நின்றுவிட்டுப் போன இளைஞரை எண்ணி நம் அன்பர் அஞ்சியதும் இதே மனநிலைதான்.

ஷுஃப்ஆ என்னும் உரிமை

அண்டை வீட்டாருக்கு நம் வீட்டின்மீது ஏதேனும் உரிமை உண்டா? உண்டு என்று கூறும் சட்டம் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது நமது ஃபிக்ஹு. அதன் பெயர் ஷுஃப்ஆ. "சேர்த்தல்", "இணையாக்குதல்" என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவர் தம் வீட்டையோ நிலத்தையோ அயலாருக்கு விற்றுவிட்டால், அதே விலையைக் கொடுத்து அதைத் தாமே எடுத்துக்கொள்ளச் சிலருக்குள்ள முன்னுரிமை இது. ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் சொத்தின் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே இவ்வுரிமை உண்டு. ஹனஃபீ மத்ஹபு ஒரு படி மேலே சென்று, முதலில் கூட்டுப் பங்காளிக்கும், அடுத்துப் பாதை, நீர்வழி போன்றவற்றில் பங்குள்ளவருக்கும், மூன்றாவதாகச் சுவரொட்டிய அண்டை வீட்டாருக்கும் அதை வழங்குகிறது. நம் கடற்கரையில் ஷாஃபிஈகளும் ஹனஃபீகளும் கலந்து வாழ்வதால், மதரஸாக்களில் இவ்விரு கருத்துகளையும் ஓதியே வளர்ந்தோம்.

இவ்வுரிமையின் நோக்கம் துன்பத்தைத் தடுத்தல். அன்றாடம் முகம் பார்த்து வாழவேண்டிய இடத்தில் தொல்லை தருபவர் வந்து சேர்ந்தால் அதிலிருந்து மீள ஒரு வழி. அவ்வளவே. அயல் மதத்தாரை அண்டவிடாமல் தடுப்பது இதன் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானீ தம் "ஹிதாயா"வில், ஷுஃப்ஆ உரிமையில் முஸ்லிமும் திம்மீயும் சமம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். முஸ்லிமல்லாத அண்டை வீட்டார் ஒருவர், முஸ்லிம் ஒருவர் வாங்கிய வீட்டை இவ்வுரிமையைக் கொண்டு தமதாக்கிக்கொள்ளலாம். சட்டம் மதத்தைக் கேட்கவில்லை. சுவர் ஒட்டியிருக்கிறதா என்று மட்டுமே கேட்டது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஷுஃப்ஆ எழுவது விற்பனையில் மட்டுமே. வாடகையில், அதாவது இஜாராவில், அண்டை வீட்டாருக்கு இவ்வுரிமை கிடையாது. ஆகவே, "அக்கம்பக்கத்தார் சம்மதிக்கமாட்டார்கள்" என்று கூறிக் குடிவருவோரைத் திருப்பி அனுப்புகிறவர், ஃபிக்ஹு எவருக்கும் கொடுக்காத ஓர் அதிகாரத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

நீதிமன்றங்களில்

இந்த உரிமை இந்திய மண்ணில் நடந்துவந்த வழி வியப்புக்குரியது. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் வடநாட்டில் பரவிய ஷுஃப்ஆவை, பீகாரிலும் குஜராத்திலும் இந்துக்களும் தங்கள் வழக்கமாக ஏற்றுக்கொண்டனர். பீகார் இந்துக்களிடையே இவ்வழக்கம் உண்டென்று கல்கத்தா நீதிமன்றம் 1863இல் ஏற்றுக்கொண்டது. 1885இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில், ஸர் ஸையித் அஹ்மத் கானின் புதல்வரான நீதிபதி ஸையித் மஹ்மூத், ஷுஃப்ஆவைக் குறித்து மிக ஆழமான தீர்ப்பொன்றை எழுதினார். அரபு மூலநூல்களை நேரே படித்து எழுதப்பட்ட அத்தீர்ப்பைச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கின்றனர்.

சென்னை உயர்நீதிமன்றமோ வேறு வழியில் சென்றது. 1870இல் இரு முஸ்லிம்களுக்கிடையே எழுந்த வழக்கிலேயே, ஷுஃப்ஆ நீதிக்கும் நேர்மைக்கும் நன்மனச்சான்றுக்கும் ஒத்ததன்று, சொத்தை விற்பவரின் சுதந்தரத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று கூறி அதை ஏற்க மறுத்துவிட்டது. மலபாரில் மட்டும் வழக்கம் என்ற அளவில் அது நிலைத்தது.

சுதந்தர இந்தியாவில் இக்கேள்வி உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 1962இல், பாவ் ராம் எதிர் பைஜ் நாத் என்ற வழக்கில், அண்டை வீட்டார் என்பதை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட முன்வாங்கல் உரிமை செல்லாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதற்கு அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடவேண்டியது. வேறு மதத்தாரும் இனத்தாரும் சாதியாரும் ஒரு பகுதிக்குள் நுழையாமல் தடுப்பதற்கே இவ்வுரிமை பயன்பட்டு வந்தது. மதம், சாதி முதலியவற்றால் வேற்றுமை காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விதித்த பிறகு அப்படியொரு நோக்கத்துக்கு இடமில்லை என்பதே அவர்கள் கருத்து. சட்டத்தால் வந்ததற்குப் பொருந்திய இம்முடிவு, வழக்கத்தால் வந்ததற்கும் பொருந்தும் என்று 1964இல் மற்றொரு தீர்ப்பும் வந்தது.

அண்டை வீட்டாரின் துன்பத்தைத் துடைக்கப் பிறந்த உரிமை, அயலாரைத் துரத்தும் கோலாகிவிட்டது என்று நாட்டின் உயர்ந்த மன்றமே கூறும்படி ஆயிற்று. "ஹிதாயா"வின் ஆசிரியர் எழுதியது ஒன்று. ஊர்களில் நடந்தது மற்றொன்று. சட்டநூலிலிருந்து அந்தக் கோலை நீதிபதிகள் எடுத்து எறிந்துவிட்டனர். ஆனால் வாடகை வீட்டு வாசலில் அது இன்னும் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது.

பதினொன்றாம் நாள்

வீடு மறுக்கப்பட்டவரின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஏடு, டாக்டர் அம்பேத்கர் எழுதிவைத்தது. உப்பளத்தின் பெருஞ்சாலையே அவர் பெயரைத் தாங்கியிருப்பதால் நாம் நாள்தோறும் அப்பெயரைக் கடந்து செல்கிறோம். 1917இல், வெளிநாடுகளில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அவர் பரோடா மன்னரிடம் பணியேற்கச் சென்றார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்ஸிகளின் விடுதியொன்றில் பார்ஸிப் பெயரைப் பதிவுசெய்துகொண்டு தங்கினார். பதினொன்றாம் நாள் காலையில் தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. அவர் இரு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இருவரும் ஏதேதோ சொல்லி நழுவினர். பூங்காவொன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலை வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார்.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, "நாம் அப்படியெல்லாம் செய்வதில்லை" என்று பெருமூச்சு விடுவோர் நம்மில் உண்டு. அதே நூலில் அடுத்து வருவதையும் அவர்கள் படிக்கவேண்டும். 1934இல் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கச் சென்ற அவரும் தோழர்களும் அங்கிருந்த குளத்து நீரில் முகம் கை கால் கழுவிக்கொண்டனர். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூவிக்கொண்டு ஓடிவந்தவர் வெண்தாடி வைத்த ஒரு முஸ்லிம் பெரியவர். அது ரமளான் மாதம். தீண்டாமையே இல்லாத தீனைச் சுமந்தவர், நோன்பு நோற்றிருந்த வாயால் அச்சொல்லைச் சொன்னார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.

இன்றைய சட்டம் என்ன கூறுகிறது? அன்பர் கேட்டது அதுதானே. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் அது குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருக்க வீடு பெறுவதைத் தடுப்பது அச்சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, "எந்தத் தெரு?" என்று சாதி அறியக் கேட்டு, அறிந்தபின் மறுத்த அன்பரின் அச்சம் வீண் அச்சமன்று.

மதத்தின் பேரால் தனியார் ஒருவர் வீடு மறுத்தால் அதைத் தண்டிக்கும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. 15ஆம் பிரிவு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. 2005இல், அகமதாபாத் பார்ஸி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்ஸிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் விதியை வைத்திருந்ததை உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஸச்சார் குழுவின் அறிக்கையோ, முஸ்லிம்களுக்கு வீடு விற்கவும் வாடகைக்கு விடவும் பிறர் மறுப்பதையும், அதனால் அவர்கள் தம் பகுதிகளுக்குள்ளேயே நெருக்கியடித்து வாழ நேர்வதையும் பதிவுசெய்தது. அந்த அறிக்கையை நாம் கூட்டங்களில் மேற்கோள் காட்டுகிறோம். நம் வீட்டு அட்டையின் முன் நின்று போனவர் எந்த அறிக்கையை மேற்கோள் காட்டுவார்?

பாரிஸில் ஒரு நீதி, பாண்டியில் ஒரு நீதி

புதுவைக்காரர்களான நமக்கு இதில் மற்றவர்க்கில்லாத ஒரு பொறுப்பும் உண்டு. நம் குடும்பங்கள் பலவற்றில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அந்நாட்டில் வாழ்வோர் இருக்கின்றனர். அங்கே 1972 ஜூலை 1ஆம் நாள் வந்த சட்டம், இனத்தையோ மதத்தையோ காரணமாகக் கொண்டு பொருளையோ சேவையையோ மறுப்பதைக் குற்றமாக்கியது. வாடகைச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம் இன்னும் நேரடியானது: ஒருவரின் பூர்வீகம், குடும்பப்பெயர், மதம் முதலியவற்றுக்காக அவருக்கு வீடு மறுக்கலாகாது. மறுக்கப்பட்டவர் ஐயத்துக்கு இடமளிக்கும் செய்திகளைக் காட்டிவிட்டால், தம் மறுப்புக்கு நியாயமான காரணம் உண்டென்று மெய்ப்பிக்கவேண்டியவர் வீட்டுக்காரரே.

பெயரைக் கேட்டுக் கதவடைக்கும் வீட்டுக்காரரிடமிருந்து, பாரிஸில் வாழும் நம் வீட்டுப் பிள்ளையை அந்தச் சட்டம் காக்கிறது. அப்பிள்ளை அனுப்பும் பணத்தில் இங்கே நாம் மாடி கட்டுகிறோம். அந்த மாடிக்குக் குடிவர வருபவரிடம் நாம் பெயரைக் கேட்கிறோம்! அளந்து வாங்கும்போது நிறையவும், அளந்து கொடுக்கும்போது குறையவும் செய்வோரைக் கண்டிக்கும் தனி அத்தியாயமே நம் வேதத்தில் உண்டு என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11ஆம் நாள், நேர்மையான வீட்டுவசதிக்கான சட்டம் கையெழுத்தாயிற்று. தாமும் குடியிருந்துகொண்டு சில பகுதிகளை மட்டும் வாடகைக்கு விடும் சிறு வீட்டுக்காரருக்கு அதில் விலக்கு உண்டு. ஆயினும், இன்னாருக்கு வீடில்லை என்று விளம்பரம் செய்ய அவருக்கும் உரிமையில்லை.

இஜாராவின் மூன்று தெளிவுகள்

இனி, புகார் வராமலிருக்க வழி. அது நம் கிதாபுகளின் இஜாரா பாடத்திலேயே இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் செல்லுபடியாக மூன்று தெளிவுகள் வேண்டும்: எதற்காகப் பயன்படுத்துவது என்பது தெரியவேண்டும், எவ்வளவு வாடகை என்பது தெரியவேண்டும், எவ்வளவு காலம் என்பது தெரியவேண்டும். இம்மூன்றையும் வீட்டுக்காரர் முன்கூட்டியே எழுதி, வருவோர் எல்லாரிடமும் ஒரேவிதமாகச் சொல்லிவிட்டால், பாதிப் புகார்கள் பிறக்கவே இடமில்லை. முன்பணம் எவ்வளவு, எத்தனை பேர் குடியிருக்கலாம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் யார் பொறுப்பு என்பனவும் அதே ஏட்டில் இருக்கட்டும். கேட்கவேண்டியது வாடகை கொடுக்க இயலுமா என்பதே. சொந்த ஊரில் எந்தத் தெரு என்பதன்று. முதலில் வந்து நிபந்தனைகளை ஏற்றவருக்கு முதலில் கொடுப்பது நேர்மை. ஒருவருக்கு இல்லை என்றால் உண்மையான காரணத்தைச் சொல்லவேண்டும். சொல்லக் கூசும் காரணமாயின், அது காரணமாக இருக்கத் தகுதியற்றது.

தரகரிடம் விட்டுவிட்டேன், அவர் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை என்பாரும் உளர். வகீல் செய்தது அவரை நியமித்தவரையே சேரும் என்பது வகாலத் பாடத்தின் முதற்படி. "நம்மவர்க்கு மட்டும்" என்று தரகர் காதில் ஓதியவர், அதை வாசலில் எழுதி ஒட்டியவரே.

வருபவர் நம் வீட்டில் பூசை செய்வாரே, நாம் விலக்கியதை உண்பாரே, பாவம் நம்மைச் சேருமே என்று சிலர் அஞ்சுவர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் ஸரக்ஸீ, "மப்ஸூத்" என்னும் தம் பெருநூலில் இதற்கு அன்றே விடை தந்துவிட்டார். குடியிருப்பதற்காக ஒரு முஸ்லிம் தம் வீட்டைத் திம்மீக்கு வாடகைக்கு விடுவதில் தவறில்லை. அவர் அங்கே மது அருந்தினாலும் வீட்டுக்காரருக்குப் பாவமில்லை, ஏனெனில் அவர் வீட்டைக் கொடுத்தது அதற்காக அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த ஐயத்தை நாம் புதிதாகக் கிளப்பவேண்டியதில்லை.

மேலும், அண்டை வீட்டாரைப் பற்றிக் கூறும் திருமறை (4:36) உறவுடைய அண்டை வீட்டாரோடு அயலாரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே கூறுகிறது. அயலார் அண்டை வீட்டில் குடியேற இடமே இல்லையென்றால் அக்கட்டளையை எங்கே நிறைவேற்றுவது? அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டதைத் திர்மிதீ பதிவுசெய்துள்ளது. யூதர் அண்டையில் இருந்ததால்தான் அக்கேள்வி பிறந்தது.

கி.பி. 622இல் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அபூ அய்யூப் அன்ஸாரீ (ரலி) தம் வீட்டின் கீழ்த்தளத்தை அவர்களுக்குக் கொடுத்து மேலே இருந்தார். ஓரிரவு மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. கீழே ஒரு துளி சொட்டிவிடுமோ என்று பதறிய அவரும் மனைவியும், போர்த்திக்கொள்ளத் தமக்கிருந்த ஒரே போர்வையால் அந்நீரைத் துடைத்தெடுத்தனர். தம் கூரைக்குக் கீழிருப்பவரின் நலத்துக்காக இவ்வளவு பதறிய வீட்டுக்காரர்களின் வழிவந்த நாம், எதற்காகப் பதறுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் அன்பரிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சில நாள் கழித்து அந்த வழியே போனேன். பழைய அட்டை இல்லை; வாடகை, முன்பணம், ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை எழுதிய புதிய அட்டை தொங்கியது. "அந்தத் தம்பியைத் தேடினேன் ஹஜ்ரத். வேறெங்கோ வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாராம்" என்றார். அவர் எந்த அலுவலகத்திலும் புகார் கொடுக்கவில்லை. அதனால் அன்பர் தப்பிவிட்டார் என்று நான் எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை என்பதை அவர் முகம் காட்டிற்று. அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கும் இறைவனுக்கும் இடையே திரையில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்கள் நாம். அந்த முறையீட்டுக்கு முத்திரைத்தாளும் வேண்டியதில்லை, முகவரியும் வேண்டியதில்லை.